பழைய வேட்டியும் ஈரிழைத் துண்டும் போதும்: குழந்தைக்குத் தோள் துணி தைப்பது எப்படி

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து, முதுகைத் தடவித் தட்டி ஏப்பம் விட வைக்கிறோம் இல்லையா, அப்போது நம் தோளில் விரித்துக்கொள்கிற துணியைத்தான் சொல்கிறேன். கடைகளில் பர்ப் கிளாத் என்ற பெயரில் பொம்மைப் படம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூன்று மூன்றாக விற்கிறார்கள். வீட்டில் அரை நாள் ஒதுக்கினால் அதைவிட நல்லதாக ஒரு டஜன் தைத்துவிடலாம். தையல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்றில்லை. நேராக ஒரு கோடு தைக்கத் தெரிந்தால் போதும்.

ஏன் இத்தனை துணி வேண்டும் என்று முதல் குழந்தை வரப்போகிற வீட்டில் கேட்பார்கள். குழந்தையின் உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் இருக்கும் தசை ஆரம்ப மாதங்களில் இறுக்கமாக மூடிக்கொள்ளாது. அதனால் குடித்த பாலில் கொஞ்சம், காற்றோடு சேர்ந்து வாய் வழியாக வந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நான்கு மாத வாக்கில் அதிகமாக இருக்கும், எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகு குறையும், ஒரு வயதை ஒட்டி நின்றுவிடும். ஆக கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் சுத்தமான துணி ஒன்று இருக்க வேண்டும். எட்டு துணி இருந்தால் சமாளிக்கலாம், பன்னிரண்டு இருந்தால் நிம்மதி, மழைக்காலத்தில் பிறக்கப்போகும் குழந்தை என்றால் இன்னும் இரண்டு மூன்று கூடுதலாகத் தைத்து வையுங்கள்.

இந்த வேலையில் முக்கால் பங்கு துணியைத் தேர்ந்தெடுப்பதுதான், தையல் கால் பங்குதான். எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் பாலை உறிஞ்சாத துணி தோளில் இருந்து என்ன பயன்? பால் அதன்மேல் உருண்டு ஓடி நம் முதுகு வழியாக இறங்கும், குழந்தையின் கன்னமும் ஈரத்திலேயே கிடக்கும். பரிசாக வருகிற வழவழப்பான துணிகளில் நிறைய இப்படித்தான் இருக்கின்றன.

எந்தத் துணி

நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் தேடுவது தாத்தாவின் பழைய வேட்டியைத்தான். அது வெறும் சிக்கனம் இல்லை. பல வருஷம் துவைத்துத் துவைத்து அதில் இருந்த கஞ்சி, ஆலையில் போட்ட பூச்சு எல்லாம் போயிருக்கும், நூல் தளர்ந்து மெத்தென்று ஆகியிருக்கும், சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். புதுத் துணியில் இந்த மூன்றும் கிடைக்காது. பழைய கைத்தறிப் பருத்திச் சேலை, சுங்குடிச் சேலை இரண்டும் இதே அளவுக்கு நல்லவை. என்ன, நிறம் விடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் அதைக் குழந்தைக்கு எடுக்க வேண்டாம்.

வேட்டி என்றாலே பருத்தி என்று நம்பிவிடாதீர்கள். பாலியெஸ்டர் கலந்த வேட்டிகள் நிறைய வருகின்றன, கையில் பிடித்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, திரித்து, அடுப்படியில் ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலால் தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். செயற்கை நூல் கலந்திருந்தால் நுனி உருகிச் சுருண்டு, ஆறிய பிறகு கெட்டியான கறுப்பு உருண்டையாக விரலில் நெருடும். அப்புறம் தண்ணீர்ச் சோதனை. துணியைத் தட்டையாக விரித்து விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். விழுந்த கணமே பரவி மறைந்தால் அது நல்ல துணி. முத்து மாதிரி நின்று யோசித்துவிட்டு இறங்கினால் இன்னும் ஒருமுறை கொதிநீரில் துவைத்துப் பாருங்கள், அப்போதும் நின்றால் விட்டுவிடுங்கள்.

பழைய துணி விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த வேட்டி, சேலை எதையும் பிறந்த குழந்தைக்கு எடுக்காதீர்கள். அந்துருண்டைகளில் பல நாப்தலீன் என்ற பொருளால் ஆனவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடை பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரை போகலாம். இந்தக் குறைபாடு இருப்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். துவைத்து வெயிலில் போட்டால் சரியாகிவிடாதா என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் துவைத்த பிறகும் துணியில் அது கொஞ்சம் தங்க வாய்ப்புண்டு. தினமும் கட்டித் துவைத்த வேட்டி வீட்டில் ஒன்றாவது இருக்கும், அதை எடுங்கள், பீரோ வேட்டி அங்கேயே இருக்கட்டும். தைத்து முடித்த துணிகளையும் அந்துருண்டை இல்லாத இடத்தில் வையுங்கள்.

பழையது கிடைக்காதவர்கள் மல் துணியோ காம்பிரிக்கோ மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத் துணியைக் கேட்டு வாங்குவதும் உண்டு, ஆனால் அதில் எது பருத்தி எது கலப்பு என்று ஒவ்வொன்றாகக் கொளுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். பட்டு, சரிகைக் கரை, லேஸ், ஜார்ஜெட், எதுவும் இதற்கு ஆகாது.

மறுபக்கத்துக்கு ஈரிழைத் துண்டு. ஈரோடு, சென்னிமலைப் பக்கம் நெய்து வருகிற அந்த மெல்லிய பருத்தித் துண்டைத்தான் சொல்கிறேன். தண்ணீரை நன்றாகக் குடிக்கும், பிழிந்து போட்டால் சீக்கிரம் காயும். டர்க்கி டவல் வேண்டுமானாலும் வைக்கலாம், உறிஞ்சுவதில் அது இன்னும் ஒரு படி மேல்தான். ஆனால் அதன் நூல் வளையங்களில் குழந்தையின் நகம் மாட்டும், மூலைகள் தடிமனாகித் தைக்கும்போது மெஷின் திணறும், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் ஆனாலும் நடுப்பகுதி ஈரம் போகாமல் ஒரு வாடை அடிக்கும். எனக்கு ஈரிழைதான் பிடித்தம்.

வெட்டுவதற்கு முன்னும் வெட்டும்போதும்

வேட்டி பழையது என்றாலும் துண்டு புதிதாக இருந்தால் வெட்டும் முன் அதை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போடுங்கள். புதுப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும். இதைச் செய்யாமல் தைத்தால், துவைத்த பிறகு துண்டுப் பக்கம் சுருங்கி வேட்டிப் பக்கம் பை மாதிரி தொங்கும். இரண்டு முறை துவைத்தால் இன்னும் நல்லது. கஞ்சியும் போய்விடும். பிறகு இரண்டையும் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

தைத்து முடித்த துணி 20 இன்ச் நீளம், 10 இன்ச் அகலம் இருந்தால் தோளுக்குச் சரியாக இருக்கும். முன்பக்கம் மார்பு வரை கொஞ்சம், பின்பக்கம் தோள்பட்டை எலும்பைத் தாண்டி இறங்கும். சுற்றிலும் தையலுக்கு அரை இன்ச் விட வேண்டும் என்பதால் 21க்கு 11 இன்ச்சாக வெட்டுங்கள். 30க்கு 60 இன்ச் துண்டில், துவைத்துச் சுருங்கிய பிறகும், நீள வாக்கில் 11 இன்ச்சாக ஐந்து துண்டங்கள் வரும். நாலு முழ வேட்டி ஒன்றில் கரையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அகலத்தில் நாலு, நீளத்தில் மூன்று என்று பன்னிரண்டு துண்டங்கள் எடுக்கலாம். மடியிலும் முழங்கால் படுகிற இடத்திலும் வேட்டி நைந்திருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து அந்த இடங்களைத் தவிர்த்து அளந்துகொள்ளுங்கள். அப்படிப் போனாலும் ஒன்பது பத்து தேறும். ஆக ஒரு வேட்டிக்கு இரண்டு துண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டால் பத்து தோள் துணி கிடைக்கும்.

வேட்டியைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதே இல்லை. அளந்த இடத்தில் ஒரு இன்ச் மட்டும் கத்தரித்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துச் சர்ரென்று கிழியுங்கள். நூல் ஓட்டத்திலேயே நேராகக் கிழியும், அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் அவ்வளவு நேர் வராது. கிழித்த ஓரம் சற்றுச் சுருண்டு நிற்கும், இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை அழுத்தினால் படிந்துவிடும். துண்டு அப்படிக் கிழியாது, அதற்கு டெய்லர் சாக்கால் கோடு போட்டு வெட்டுங்கள். துண்டின் சாயக் கரை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மூலைகளை அப்படியே சதுரமாக விடலாம், வட்டமாகவும் ஆக்கலாம். முதல்முறை தைப்பவர்களுக்கு வட்டம்தான் சுலபம். இரண்டு துண்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூலையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அதன் வளைவில் கோடு போட்டு வெட்டிவிடுங்கள்.

மெஷினில் தைக்கிறவர்கள்

14ஆம் நம்பர் ஊசி போதும். டர்க்கி டவல் வைத்தால் 16 போடுங்கள். ஊசி புதிதாக இருக்கட்டும், மழுங்கிய ஊசி பழைய வேட்டியில் நூலை இழுத்து ஓட்டை போடும். தையல் நீளம் இன்ச்சுக்குப் பத்துத் தையல் அளவில், புது மெஷின் என்றால் 2.5ல் வையுங்கள். நூல் பாலியெஸ்டராக இருந்தால் பரவாயில்லை, துணிதான் பருத்தியாக இருக்க வேண்டும். அடிக்கடி கொதிநீர் பார்க்கப்போகிற துணி என்பதால் உறுதியான நூல் நல்லதுதான்.

வேட்டித் துண்டத்தின் நல்ல பக்கமும் துண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். பழைய வேட்டியில் எது நல்ல பக்கம் என்று தேடிக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். சுற்றிலும் குண்டூசி குத்துங்கள், எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பத்து குத்தினால் பத்தும் திரும்ப டப்பாவுக்கு வர வேண்டும். இரண்டு துணிக்கு நடுவே ஒரு குண்டூசி தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணுவது சிரமம் என்பவர்கள் குண்டூசியே வேண்டாம் என்று நூலோட்டம், அதாவது பிறகு உருவிவிடுகிற நீள நீளமான கைத்தையல், போட்டுக்கொள்ளலாம்.

நீள ஓரத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்து, அரை இன்ச் உள்ளே தள்ளி, சுற்றி வாருங்கள். வேட்டி மெல்லியது, துண்டு கனமானது. துண்டு அடியிலும் வேட்டி மேலேயும் இருந்தால் மேலே உள்ளது முன்னால் தள்ளப்பட்டு முடிவில் கொசுவம் விழும், அதனால் வேட்டியை அடியில் வையுங்கள். சதுர மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி மறுபடி ஓட்டுங்கள். ஆரம்பித்த இடத்துக்கு நாலு இன்ச் முன்பாக நிறுத்திவிட வேண்டும், அந்த வாய் வழியாகத்தான் துணியைப் புரட்டப்போகிறோம். ஆரம்பத்திலும் முடிவிலும் நாலைந்து தையல் முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள், இல்லையென்றால் புரட்டும்போது அந்த இடம் பிரிந்துகொள்ளும். பின்னால் ஓட்டும் வசதி இல்லாத பழைய கால் மெஷின் என்றால் துணியைத் திருப்பி வைத்து அதே தையல்மேல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

புரட்டும் முன் ஓரத்தைக் கால் இன்ச் விட்டு மிச்சத்தை நறுக்கிவிடுங்கள், திறந்திருக்கும் வாய்ப் பகுதியை மட்டும் நறுக்காமல் அரை இன்ச்சாகவே விடுங்கள். சதுர மூலையின் நுனியைக் குறுக்காக வெட்டுங்கள், தையலுக்கும் வெட்டுக்கும் நடுவே ஓர் அரிசி அகலம் இருக்கட்டும். இப்போது வாய் வழியாக நல்ல பக்கத்தை வெளியே இழுங்கள். மூலைகளைத் தள்ளிவிடப் பேனா மூடி, மரக்கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கிய எதுவும் ஆகும், கத்தரிக்கோல் நுனியால் குத்த வேண்டாம். இஸ்திரி போடும்போது வாய்ப் பகுதியின் ஓரத்தை உள்ளே மடித்து அழுத்திவிடுங்கள்.

கடைசியாக மேல் தையல். விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே முழுச் சுற்றும் ஒரு தையல் போட்டால் திறந்திருந்த வாயும் அதிலேயே மூடிவிடும். அதோடு நிறுத்தாமல் நடுவில் நீளவாக்கில் இரண்டு கோடு ஓட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுக் கோடு இல்லாத துணியில் துவைக்கத் துவைக்க இரண்டு அடுக்கும் தனித்தனியாக நகர்ந்து, பிழியும்போது ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். கோடு போட்டால் இரண்டும் ஒரே துணியாக நடந்துகொள்ளும்.

கையால் தைப்பதென்றால்

மெஷின் இல்லாத வீட்டில் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது, புரட்டுகிற வேலையே கிடையாது. துண்டை 20க்கு 10 இன்ச்சாகவும், வேட்டியை 22க்கு 12 இன்ச்சாகவும் எடுங்கள். வேட்டியைக் கீழே விரித்து, துண்டை அதன் நடுவில் வையுங்கள், சுற்றிலும் ஒரு இன்ச் வேட்டி தெரியும். அந்த ஓரத்தை அரை இன்ச் மடித்துத் துண்டின் விளிம்பைத் தொடும்படி இஸ்திரி போடுங்கள், பிறகு இன்னொரு மடிப்பாகத் துண்டின்மேல் ஏற்றுங்கள். பிசிறு முழுக்க உள்ளே மறைந்துவிடும். முதலில் நீள ஓரங்கள், அப்புறம் அகல ஓரங்கள். அதைக் கெட்டித் தையலால், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுத்து, சிறு சிறு தையலாகப் பிடித்துவிடுங்கள். வெறும் ஓட்டுத் தையல் அழகாக இருக்கும், ஆனால் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். கெட்டித் தையல் அப்படி வராது. நடுவில் போடும் இரண்டு கோடுகளுக்கு ஓட்டுத் தையல் போதும், தையலை நெருக்கமாகப் போடுங்கள்.

நூலை எப்போதும் துணியின் உள்ளேயே முடிச்சிட்டு, மிச்ச நுனியை இரண்டு அடுக்குக்கு நடுவே ஓட்டிப் புதைத்துவிட்டு வெட்டுங்கள். வெளியே ஒரு இன்ச் நூல் தொங்கினாலும் விடக்கூடாது. கைக்குழந்தையின் விரலிலோ கால் விரலிலோ நூலோ தலைமுடியோ சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மெஷினில் தைத்தவர்களும் மேல் நூல், அடி நூல் இரண்டையும் ஒட்ட வெட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். தைத்து முடித்ததும் ஒருமுறை துவைத்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள். துவைத்த பிறகுதான் ஒளிந்திருந்த பிசிறெல்லாம் வெளியே வரும். இந்தப் பார்வை பிறகும் தொடரட்டும், மடித்து வைக்கும்போதெல்லாம் ஒரு பார்வை.

இதே காரணத்துக்காகத்தான் பொத்தான், ரிப்பன், மணி, குஞ்சம் எதையும் இதில் வைக்க வேண்டாம் என்பேன். அத்தைகளுக்கும் பாட்டிகளுக்கும் ஏதாவது அலங்காரம் செய்ய ஆசையாக இருக்கும். அப்படி இருந்தால், தோளுக்குப் பின்னால் வருகிற முனையில் துண்டுப் பக்கம் சின்னதாகச் சங்கிலித் தையலில் ஒரு பூப் போடச் சொல்லுங்கள், குழந்தையின் முகம் அங்கே படாது.

போடுவதும் துவைப்பதும்

வேட்டிப் பக்கம் மேலே, துண்டுப் பக்கம் நம் தோளில். மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் மீதி பின்னாலும் இருக்கும்படி போடுங்கள். குழந்தையின் வாய் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும், கக்குகிற பால் முதுகுப் பக்கம்தான் இறங்கும். ஒரு முறை நனைந்த துணியை மடித்து மறுபக்கம் துடைக்க வைத்துக்கொள்ளாமல் உடனே மாற்றிவிடுங்கள், புளித்த பால் கழுத்து மடிப்பில் பட்டால் அங்கே தோல் சிவந்துவிடும். தூளியிலோ தொட்டிலிலோ குழந்தை தூங்கும்போது இந்தத் துணியை முகத்தருகே வைத்துவிட்டு வரவே கூடாது. மூக்கை மூடினால் விலக்கத் தெரியாத வயது.

துவைக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் வெந்நீரில் போட்டால் பாலில் உள்ள புரதம் துணியிலேயே கெட்டிப்பட்டுக் கறையாக நின்றுவிடும். அலசிய பிறகு சோப்பும் வெந்நீரும் போடலாம். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் திரவங்கள் வேண்டவே வேண்டாம், அவை நூலின்மேல் ஒரு படலமாகப் படிந்து உறிஞ்சுகிற குணத்தையே கெடுத்துவிடும், தவிர அந்த வாசனை கைக்குழந்தைக்கு எதற்கு. பிளீச்சும் அடிக்கடி போட்டால் பழைய வேட்டி நூல் நூலாகப் பிரிந்துவிடும். மஞ்சள் கறை நின்றால் ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். வெயில் கிடைக்காத நாட்களில் ஃபேன் காற்றில் உலர்த்தி, இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போட்டு எடுத்து வையுங்கள்.

தோள் துணியில் பாலோ தயிர் மாதிரித் திரிந்ததோ தெரிந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பச்சை நிறமாக வந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, ஒவ்வொரு முறையும் பீய்ச்சியடித்தாலோ, குழந்தை எடை ஏறாமல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

துண்டில் ஐந்து துண்டங்கள் எடுத்த பிறகு ஓரத்தில் எட்டு இன்ச் அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை மிஞ்சும். அதை எட்டு எட்டு இன்ச்சாக வெட்டினால் ஏழு சதுரம் வரும், சுற்றிலும் ஓரம் மடித்து அடித்து வாய் துடைக்க வைத்துக்கொள்ளலாம். வேட்டியில் மிஞ்சிய நைந்த பகுதியையும் தூக்கிப் போடாதீர்கள், உள்ளங்கை அளவுக்குக் கிழித்து வைத்தால் குளிக்க வைக்கும்போது காது மடிப்பையும் விரல் இடுக்கையும் துடைக்க அதைவிட மெல்லிய துணி கிடைக்காது.